திரைக்கு அப்பால் மூன்றாம் எண்

ஓபோவின் முதல் நாற்காலியை நம்மவர் ஒருவருக்குக் கொடுப்பார்களா, இல்லை இன்னொரு வெளிநாட்டுக்காரரைக் கூட்டி வருவார்களா? அந்த வருடம் முழுக்க எங்கள் குழுப் பேருந்தில் இதே பேச்சுத்தான். எண்பது பேர் உட்காரும் மேடையில் ஒரு நாற்காலிக்கு ஏன் இத்தனை அமளி என்று நீங்கள் கேட்கலாம். ஓபோ நாயனம்போல ஊதுகிற ஒரு குழல், கச்சேரி தொடங்குமுன் அது ஒரு ஸ்வரத்தை நீட்டிப் பிடிக்கும். அதைக் கேட்டுத்தான் மற்ற எல்லோரும் சுருதி சேர்ப்போம். பெயர் என்னவோ தேசிய இசைக்குழு. ஆனால் எங்களுக்குச் சுருதி கொடுத்தவர் ஆரம்ப நாளிலிருந்தே விமானத்தில் வந்து இறங்கியவர்தான்.

அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், இரண்டாம் ஓபோவாக, வருடக்கணக்காக உட்கார்ந்திருந்தவள் என் சிநேகிதி ஸுவைனா. அவள் கதையைத்தான் சொல்கிறேன். நான் ராயா, வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவை வாசிக்கிறவள். வயோலாவை யாரும் கவனிப்பதில்லை, அதனால் நாங்கள் எல்லாரையும் கவனிப்போம்.

ஸுவைனா சமாயில் என்கிற ஊர்க்காரி. அவள் வாப்பா கல்ஃபான் பேரீச்சந்தோப்புகளுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். இசைக்குழு அமைக்கப் போகிறோம் என்று வெளிநாட்டு ஆசிரியர்கள் எங்கள் பள்ளிக்கூடங்களுக்கு வந்தபோது அவளும் நானும் சிறுமிகள். வயலினைக் கையால் தொட்டவர்களை அன்று இந்த நாட்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம். வந்தவர்கள் எங்களை வரிசையாக நிறுத்தி, நிஸ்வா சந்தையில் ஆட்டுக்குப் பார்ப்பதுபோலப் பல்லைப் பார்த்தார்கள். விரலை மடக்கிக் காட்டச் சொன்னார்கள். எது வாசிக்க ஆசை என்று ஒருவரும் கேட்கவில்லை. என் கை நீளம் என்று வயோலாவைத் தந்தார்கள். ஸுவைனாவுக்கு உதடு மெல்லிசு, பல் நேர்வரிசை. அவள் பேரிகைமேல் கண் வைத்திருந்தாள், கையில் ஓபோவைத் திணித்துவிட்டார்கள்.

மஸ்கட்டில் விடுதி, சாப்பாடு, அரசாங்கச் சம்பளம் என்றதும் வாப்பா சம்மதித்தார். டி.வி.யில் முகம் வரக்கூடாது என்பது மட்டும் அவருடைய நிபந்தனை. ஊரில் கேட்டவர்களிடம் மகள் அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை. முதல் வருடம் அவள் ஊதியதைக் கேட்டால் வாத்துக்குக்கூடக் கோபம் வரும். விடுதியில் பக்கத்து அறைப் பெண்கள் சுவரில் செருப்பை எறிவார்கள். அவள் பாட்டுக்கு ஊதிக்கொண்டே இருப்பாள். ரோஷக்காரி, ஆனால் ரோஷத்தை வாயில் காட்டத் தெரியாதவள். வாப்பா இறந்தபிறகு உம்மா நஸ்ராவையும் மஸ்கட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள்.

அந்த முதல் நாற்காலியில் ஒருவர் மாறி ஒருவராக மூன்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து போனார்கள். மூவருமே நல்லவர்கள். மூவரும் போகும்போது, அடுத்தது நீதான் என்று ஸுவைனாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அடுத்ததாக வந்தவர் மட்டும் ஒவ்வொரு முறையும் வேறு ஆளாக இருந்தார்.

அதற்குக் காரணம் எங்கள் மேலாளர் ஸஹ்ரான். அவரைக் கெட்டவர் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ராணுவ பாண்டில் கிளாரினெட் வாசித்தவர், இந்தக் குழுவைப் பெற்ற பிள்ளையைவிட மேலாக வளர்த்தவர். பஸ் வாங்கித் தந்தது, அரங்கம் கட்ட அலையாய் அலைந்தது, பெண்பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் வாப்பாமார்களிடம் கெஞ்சியது எல்லாம் அவர்தான். அவருக்கு ஒரே ஒரு பயம். வெளிநாட்டு விருந்தாளிகள் நம்மைப் பார்த்துச் சிரித்துவிடக் கூடாது. நம்ம ஆட்களுக்கு இன்னும் பத்து வருடம் ஆகும் என்று அவர் சொல்லத் தொடங்கிப் பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. அந்தப் பத்து மட்டும் குறையவே இல்லை.

அந்தப் பயத்துக்கு ஸுவைனாவே ஒருமுறை தீனி போட்டுவிட்டாள். ஒரு கோடையில், கோட்டை முற்றத்தில் கச்சேரி. முதல் ஓபோக்காரர் காய்ச்சலில் படுத்துவிட, அவளை அங்கே உட்கார வைத்தார்கள். குளிரூட்டிய பஸ்ஸிலிருந்து நேராக அந்தப் புழுக்கத்தில் இறங்கியதும் ஓபோவின் வாயில் செருகும் சீவாளியில் ஈரம் அளவு மீறி ஏறிவிட்டது. தூதர்கள் எல்லாரும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, சுருதி கொடுக்க எடுத்த முதல் ஸ்வரமே உடைந்து கீச்சிட்டது. யாரோ சிரித்தார்கள். அன்றிலிருந்து அவள் ஓபோவை உதட்டுக்குக் கொண்டுபோனாலே ஸஹ்ரானின் முகம் சுருங்கும். அவள் எத்தனை நன்றாக வாசித்தாலும் அவர் காதில் விழுந்தது அந்தக் கீச்சுத்தான்.

இந்த நிலைமையில்தான் குழுவை நடத்தப் புதிய மேஸ்ட்ரோ பெத்கோவ் வந்தார். பல்கேரியாக்காரர், அதிகம் பேசமாட்டார். ஓபோ இடம் காலியானதும், தேர்வு வைப்போம், திரைக்குப் பின்னால் வைப்போம் என்று சொல்லிவிட்டார். வாசிப்பவர் முகம் தெரியாது, பெயர் தெரியாது, எண் மட்டும்தான். நடக்கிற சத்தத்தில் ஆணா பெண்ணா என்று தெரியாமல் இருக்கக் கம்பளம்கூட விரிக்கச் சொன்னார். நடுவர்கள் மூன்று பேர்: அவர், புல்லாங்குழல் தலைவி மார்த்தா, ஸஹ்ரான். போட்டிக்கும் மூன்று பேர்: ஸுவைனா, எங்கள் மூன்றாம் ஓபோ முஹன்னா, பிராகாவிலிருந்து வந்து இறங்கிய ஒரு செக் நாட்டுக்காரர். வாசிப்பவர்களை எண் சொல்லித் திரைக்குப் பின்னால் கூட்டிவர ஒரு ஆள் வேண்டும். வயோலாக்காரியான என்னைப் பிடித்துப் போட்டார்கள். வாயைத் திறந்தால் வேலை போய்விடும் என்று ஸஹ்ரான் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் சிரித்துச் சொன்னால் அது நிஜம்.

செக்காரர் ஜெயித்தால் ஐந்து வருட ஒப்பந்தம். ஸுவைனாவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு அந்த நாற்காலியைப் பற்றி யாரும் அவளிடம் பேசப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

திரையில் ஓட்டை இருப்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். மேஸ்ட்ரோ காலடிச் சத்தத்தை யோசித்தார், பாவம், எங்கள் வீடுகளின் வாசத்தை யோசிக்கவில்லை. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பஹூர். ஊத் என்கிற அகில் கட்டைத் தூளும் சந்தனமும் பன்னீரும் சர்க்கரைப் பாகும் கலந்து, அவரவர் உம்மா கைப்பக்குவத்தில் செய்து, தூபக்காலில் தணல்மேல் போட்டு, அந்தப் புகையைத் துணியில் பிடித்து உடுத்தாமல் நல்ல காரியத்துக்கு ஒருவரும் வாசல் தாண்டமாட்டோம். நஸ்ராவின் பஹூரோ ஊர் அறிந்தது. அதில் என்னத்தைப் போடுவாள் என்று சொல்லவே மாட்டாள். ஸுவைனா ஏறினால் பஸ்ஸின் கடைசி இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டிருப்பவனும் சலாம் சொல்வான்.

அதை நான் சொன்னதும் அவள் முகம் வெளிறிவிட்டது. தன் வீட்டு வாசம் தனக்கு எங்கே தெரிகிறது?

"ஒன்பது கம்பளம் விரிச்சாலும் நீ உள்ள வந்ததும் ஸஹ்ரான் உஸ்தாதுக்குத் தெரிஞ்சு போகும்டி. அப்புறம் அவர் எங்க கேக்கப் போறார்" என்றேன்.

அவள் வீட்டில் அன்று நடந்த சண்டையை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். தேர்வுக்குப் போகும்போது எனக்குப் புகை வேண்டாம் உம்மா என்று ஸுவைனா சொன்னதுதான் தாமதம். நஸ்ரா கையிலிருந்த கஹ்வா காப்பிக் குவளையை வைத்துவிட்டு மகளையே பார்த்தாள். எங்களில் வாசனை இல்லாமல் இருப்பவள் புருஷனைப் பறிகொடுத்துத் துக்கம் காக்கிறவள்தான். நஸ்ரா அப்படி இருந்து எழுந்து வந்தவள்.

"உசுரோட இருக்கற புள்ளைய மையத்து வீட்டுக்காரி மாதிரி அனுப்பணுமா? உனக்கு என்ன கேடு வந்துச்சு?" என்று அழுதாள். காரணத்தை எத்தனை விளக்கியும் அவளுக்கு ஏறவில்லை. காதால் கேட்கிற தேர்வில் மூக்குக்கு என்ன வேலை என்று கேட்டாள். அங்கே இருந்தால் எப்படியும் துணியில் புகை ஏறிவிடும் என்று ஸுவைனா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் அபாயா ஒன்றை வெறும் சோப்பில் அலசி அலசிக் காயப்போட்டோம். தலைமுடியைக்கூட எலுமிச்சை தேய்த்துக் கழுவினாள். உம்மாவோடு பேசாமல் வந்தது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இதற்கு முன்னாலேயே இன்னொரு பைத்தியக்காரத்தனமும் செய்திருந்தாள். எங்கள் ஓபோக்காரர்களுக்கெல்லாம் சீவாளி சீவித் தருவது அவள்தான். முஹன்னாவுக்கு அந்த வேலை கைவரவே வராது. சண்டைக்கு முந்தின நாளே, தேர்வுக்கு ஒன்று வேண்டும் என்று அவன் போன் செய்திருந்தான். அவளும் இருப்பதிலேயே நல்லதாக ஒன்றை எடுத்து உம்மாவிடம் கொடுத்து வைத்திருந்தாள். தேர்வன்று காலையில் வீட்டுக்குப் போய் வாங்கிக்கொள்ளச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதிராளிக்கு நீயே கத்தி தீட்டிக் கொடுப்பியா என்று கத்தினேன்.

"கொடுக்கலைன்னா, சீவாளி சரியில்ல, சீவாளி சரியில்லன்னு பத்து வருஷம் என் பக்கத்துல உக்காந்து பொலம்புவான். அதைக் கேக்க என்னால ஆகாது" என்றாள்.

தேர்வு நாள். அரங்கத்தின் நடுவே கறுப்புத் திரை. இந்தப் பக்கம் மூன்று நடுவர்கள், அந்தப் பக்கம் ஒரு நாற்காலி, திரையின் ஓரத்தில் இரு பக்கமும் தெரிகிற மாதிரி நான். சீட்டுக் குலுக்கியதில் செக்காரர் ஒன்று, முஹன்னா இரண்டு, ஸுவைனா மூன்று. இது எனக்கும் வாசிக்கிற மூவருக்கும் மட்டுமே தெரியும்.

பின்னறைக்குப் போய்ச் செக்காரரைக் கூட்டி வந்தேன். மெதுவான ஒரு நீண்ட பகுதிதான் எல்லோருக்கும். மூச்சை எங்கே எடுத்தார் என்று தெரியாமல் இழுத்துக்கொண்டே போக வேண்டியது. அவர் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி வாசித்தார். மேஸ்ட்ரோ கண்ணை மூடித் தலையசைத்தார்.

அடுத்து முஹன்னாவை அழைக்கப் போனேன். அவன் எழுந்து நின்றதும் வாசம் என் முகத்தில் அறைந்தது. அவன் மேல் நஸ்ராவின் பஹூர். லேசாக இல்லை, திஷ்தாஷா அங்கியிலிருந்து தலைப்பாகை வரை அள்ளி அப்பியதுபோல. ஜாடையில் என்னடா இது என்று கேட்டேன். அவன் வெள்ளந்தியாகச் சொன்னான். காலையில் சீவாளி வாங்கப் போயிருக்கிறான். நஸ்ரா விடவில்லை. ஹல்வா, கஹ்வா எல்லாம் கொடுத்து, விருந்தாளியைப் புகை காட்டாமல் அனுப்பலாமா என்று தூபக்காலை அவன் தாடிக்கும் கைக்கும் அங்கிக்கு அடியிலும் பிடித்து, மகளுக்குப் போட முடியாததையெல்லாம் இவனுக்குப் போட்டிருக்கிறாள். நீயாவது மணக்க மணக்கப் போ என்று சொல்லி அழுதாளாம்.

நான் என்ன செய்வேன்? அங்கியைக் கழற்றச் சொல்லவா? வாயைத் திறந்தால் வேலை போகும். அவனைக் கூட்டிக்கொண்டு கம்பளத்தில் நடந்தேன். குளிரூட்டி எங்கள் பக்கத்திலிருந்து நடுவர்கள் பக்கம் வீசிக்கொண்டிருந்தது.

நான் ஸஹ்ரானை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். முஹன்னா முதல் மூச்சை ஊதுவதற்கு முன்பே அவர் மூக்கு ஒருமுறை விரிந்தது. முகம் சுருங்கியது. அப்படியே சாய்ந்து உட்கார்ந்து, எப்போதும் கையில் வைத்திருக்கும் பிரம்பைத் தொடைமேல் உருட்டத் தொடங்கிவிட்டார். பாவம் முஹன்னா, சுமாராகத்தான் வாசித்தான். ஆனால் அந்தச் சுமாரைக்கூட அவர் கேட்கவில்லை. மேஸ்ட்ரோவுக்கும் மார்த்தாவுக்கும் அந்த வாசம் வெறும் வாசம், அவ்வளவுதான்.

மூன்றாவதாக ஸுவைனா வந்தாள். என் சோப்பு வாசம்கூட அவள் மேல் இல்லை. உட்கார்ந்தாள், சீவாளியை ஈரப்படுத்தினாள், கண்ணை மூடிக்கொண்டாள். கோட்டை முற்றம் அவளுக்கும் ஞாபகம் இருக்குமே. முதல் ஸ்வரம் வருகிறவரை நான் எனக்குத் தெரிந்த துஆவெல்லாம் ஓதினேன்.

வந்தது. உடையவில்லை. அதைப் பற்றி நான் அதிகம் எழுதினால் சிநேகிதி புகழ்கிறாள் என்பீர்கள். ஸஹ்ரானைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பிரம்பு உருளுவது நின்றது. முன்னால் குனிந்தார். நீண்ட மூச்சு வருகிற இடத்தில் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார், பழைய கிளாரினெட்காரர் அல்லவா. முடிந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. அத்தனை வருடத்தில் அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

மேஸ்ட்ரோ தன் எண்ணைச் சொன்னார்: ஒன்று. மார்த்தா: மூன்று. இனி ஸஹ்ரான் கையில்தான். திரையின் துணியை நான் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"மூணு" என்றார். "யோசிக்கவே வேண்டாம். அந்த மூச்சைக் கேட்டீங்களா? சின்னதுலேர்ந்து வெளிநாட்டுலேயே வளர்ந்தவனுக்குத்தான் அது வரும். நம்ம ஆளுங்களுக்கு அது வர இன்னும் பத்து வருஷம் ஆகும்."

மேஸ்ட்ரோ எனக்குச் சைகை காட்டினார். நான் திரையை விலக்கினேன். ஓபோவை மார்போடு அணைத்தபடி ஸுவைனா வெளியே வந்து நின்றாள். ஸஹ்ரான் அவளைத் தாண்டி, பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று பார்த்தார். மூன்றாவது யார் என்று கேட்டார். நான்தான் உஸ்தாத் என்றாள். இல்லை, நீ இரண்டாவது என்றார். அவர் குரலில் சந்தேகமே இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினார். எண்ணை மாற்றிவிட்டாயா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூன்று பேரையும் சீட்டில் இருந்தபடிதான் கூட்டி வந்தேன், வேண்டுமானால் அவர்களையே கேளுங்கள் என்றேன். சத்தம் கேட்டு முஹன்னாவே பின்னறையிலிருந்து வந்தான். இரண்டாவது நான்தான் என்று சொல்லிக்கொண்டே கிட்டே வந்தான். அவனோடு வாசமும் வந்தது.

ஸஹ்ரான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உன் மேல எப்படிடா அந்த வீட்டு பஹூர்?"

கேட்ட பிறகுதான், என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. முஹன்னா காலையில் நடந்ததைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டான். மந்தமான ஆள்தான், ஆனால் இது அவனுக்கும் புரிந்துவிட்டது.

"அப்போ என்னை மூக்காலயா கேட்டீங்க, உஸ்தாத்?"

என்ன நடக்கிறது என்று மேஸ்ட்ரோ என்னைக் கேட்டார். ஒன்று விடாமல் மொழிபெயர்த்தேன், சந்தோஷமாகவே மொழிபெயர்த்தேன். மேஸ்ட்ரோவின் காது சிவந்துவிட்டது. ஆனால் அவர் சொன்னது என் சந்தோஷத்தை அப்படியே அணைத்துவிட்டது. நடுவர் ஒருவர் தன் வாக்கைத் திரும்பப் பெறலாம், அது விதி. திரும்பப் பெற்றால் ஒன்றுக்கு ஒன்று, சமம். சமம் வந்தால் மேஸ்ட்ரோ சொன்னதே முடிவு. அவர் சொன்னது செக்காரரை. பின்னறையில் உட்கார்ந்து பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்த அந்த மனிதருக்கு இந்த நாற்காலி திரும்பவும் போய்விடும்.

ஸஹ்ரான் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். முஹன்னாவுக்கு நான் செய்தது தப்புத்தான் என்று முனகினார். பிறகு, வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு சொன்ன வாக்கு எப்படிச் செல்லும் என்று மேஸ்ட்ரோவிடம் கேட்டார். அப்படியென்றால் திரும்பப் பெறுகிறீர்களா என்று மேஸ்ட்ரோ கேட்டார்.

நான் ஸுவைனாவைப் பார்த்தேன். அழுவாள் என்று நினைத்தேன். ஆயுசு முழுக்க ரோஷத்தை ஊதியே தீர்த்தவள், ஒரு அடி முன்னால் வந்தாள்.

"வேற யாரோன்னு நெனச்சதாலதான் உஸ்தாத், இத்தனை வருஷத்துல முதல் தடவையா என்னைக் கேட்டீங்க" என்றாள். "திரும்ப வாசின்னா வாசிக்கிறேன், எத்தனை தடவை வேணும்னாலும். ஆனா நான்தான்னு தெரிஞ்ச பிறகு நீங்க அப்படிக் கேக்க மாட்டீங்க."

ஸஹ்ரான் பிரம்பை ஊன்றி நின்றார். அவர் முகத்தில் என்னென்னவோ வந்து போயிற்று. மேஸ்ட்ரோ இரண்டாம் முறை கேட்டார்: திரும்பப் பெறுகிறீர்களா?

"இல்ல" என்றார் ஸஹ்ரான். "கேட்டது கேட்டதுதான். மூணு."

அதை அவர் ஸுவைனாவைப் பார்த்துச் சொல்லவில்லை. சற்று முன்பு அவள் உட்கார்ந்து வாசித்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்.